பழைய ஆன்மீக நூலின் முதற்பதிப்பை அடையாளம் கண்டு வாங்குவது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கிராணியாகவும் (எழுத்தராகவும்), தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும், தோட்ட மருத்துவமனை டிரஸ்ஸராகவும் வேலை பார்த்த ஒரு தலைமுறை இப்போது மெல்ல மறைந்து வருகிறது. அவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த புத்தகங்கள் இன்னும் பல வீடுகளில் அலமாரியிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கின்றன. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ குடியேறிவிட்டபின், வீட்டைக் காலி செய்யும் நாளில் 'சூராட் காபார் லாமா' (மலாயில் 'பழைய நாளிதழ்') என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் லாரியில் அவை நாளிதழ்க் கட்டுகளோடு சேர்ந்து கிலோ கணக்கில் போய்விடுகின்றன. அந்த லாரி வருவதற்கு முன் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, அது என்ன, எந்த அச்சு, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மூரில் இன்னும் சிலராவது இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

பழைய நூல் சேகரிப்பில் புதிதாக நுழைபவருக்குப் பொதுவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே ராம் தாஸ் எழுதிய 'பி ஹியர் நவ்' என்ற ஆங்கில நூலையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ரிச்சர்ட் ஆல்பர்ட் என்ற பெயரில் 1931இல் போஸ்டனில் பிறந்த அவர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர். போதைப்பொருள்கள் மனத்தில் ஏற்படுத்தும் மாற்றங்களைப் பற்றிய சோதனைகளில் ஈடுபட்டதன் தொடர்ச்சியாக 1963இல் அங்கிருந்து நீக்கப்பட்டார். 1967இல் இந்தியாவுக்குச் சென்று நீம் கரோலி பாபாவைக் குருவாக அடைந்து, ராமனின் அடியார் என்று பொருள்படும் பெயரோடு திரும்பினார். அக்காலத்து அமெரிக்க இளைஞர்களில் பெரும் பகுதியினர் தம் சமூகத்தின் வழக்கங்களை உதறிவிட்டு வேறு வாழ்க்கையைத் தேடிய வேளையில், 1971இல் வெளிவந்த இந்த நூல் அவர்கள் கைக்குக் கை மாற்றிக்கொண்ட வழித்துணையாயிற்று. இருபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல் இது. அந்த எண்ணிக்கையே நம் வேலையைக் கடினமாக்குகிறது. பழையதாகத் தோன்றும் பிரதிகள் எங்கும் கிடைக்கும், முதல் அச்சுப் பிரதியோ அரிது.

இப்படிப்பட்ட நூல் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத்துக்கு எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் 1962 முதல் 1983 வரை மலேசியாவில் பணியாற்றினார்கள். ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் சிற்றூர்களில் தங்கியவர்கள், ஊர் திரும்பும்போது கனமான புத்தகங்களைத் தெரிந்தவர்களிடம் விட்டுச் செல்வது இயல்பு. ஐரோப்பாவிலிருந்து ஆசியா நோக்கித் தரைவழியே பயணம் செய்த ஹிப்பி இளைஞர்களுக்கு எழுபதுகளில் பினாங்கின் பத்து ஃபிரிங்கிக் கடற்கரை ஒரு தங்குமிடமாக இருந்தது. அதே காலத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகளும் பெட்டியில் புத்தகங்களோடுதான் திரும்பினார்கள். இந்த மூன்று வழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே தேடுவது என்பது தானாகவே விளங்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையிலும் பாருங்கள். இணையம் கடைசி வழியாக இருக்கட்டும், ஏனென்றால் அங்கே புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது.

நமக்கும் இந்த உலகத்துக்கும் தொடர்பே இல்லை என்று நினைப்பது தவறு. ரிஷிகேசத்தில் தெய்வநெறிக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர், துறவு கொள்வதற்கு முன், 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராக இருந்தவர்; சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் நம் பாட்டன் பூட்டன்மாருக்கு வைத்தியம் பார்த்தவர். அவருடைய சீடரும் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழருமான சுவாமி சச்சிதானந்தர்தான் 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசினார். ஆகவே அந்தக் காலத்து அமெரிக்க ஆன்மீக நூல்களைத் தேடும்போது நம்மவர் பெயர்களையும் சேர்த்தே தேட வேண்டும். இங்கே சொல்லும் முறைகள் அவர்களுடைய நூல்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் திறக்க வேண்டிய பக்கம்

புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையின் அழகையோ உள்ளிருக்கும் படங்களையோ பார்த்து மயங்காமல், தலைப்புப் பக்கத்தைப் புரட்டி அதன் பின்புறத்தைப் பாருங்கள். அதுதான் பதிப்புரிமைப் பக்கம். அங்கே 1971 என்ற ஆண்டைக் கண்டவுடன் முதற்பதிப்பு என்று முடிவு கட்டிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. பதிப்புரிமை ஆண்டு என்பது அந்த நூல் முதன்முதலில் எப்போது வெளியானது என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் பிரதி எப்போது அச்சானது என்பதை அது சொல்வதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அச்சான பிரதியிலும் அதே 1971 அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில் நம்முடைய தமிழ் நூல் வழக்கமும் குழப்பத்தைச் சேர்க்கிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் மாற்றம் எதுவும் செய்யாமல் மறுபடி அச்சிட்டாலும் 'இரண்டாம் பதிப்பு', 'மூன்றாம் பதிப்பு' என்று போடுவதுண்டு. ஆங்கில நூல் வணிகத்தில் பதிப்பு வேறு, அச்சு வேறு. அச்சுக்காகக் கோத்த எழுத்து மாறாத வரையில் அது ஒரே பதிப்புதான்; அந்தப் பதிப்பு எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சாகலாம். சேகரிப்பவர்கள் 'முதற்பதிப்பு' என்று சொல்லும்போது அவர்கள் உண்மையில் கருதுவது முதற்பதிப்பின் முதல் அச்சைத்தான். ஆகவே விற்பவர் 'முதற்பதிப்பு' என்று எழுதியிருந்தால், 'எத்தனையாவது அச்சு?' என்று தனியாகக் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராவிட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

பதிப்புரிமைப் பக்கத்தில் அச்சுகளின் பட்டியல் இருந்தால், அதில் கடைசியாகக் குறிக்கப்பட்டிருப்பதே உங்கள் பிரதியின் அச்சு. சில பதிப்பகங்கள் பட்டியலுக்குப் பதிலாக எண் வரிசை ஒன்றைப் போடும். அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 1 இருந்தால் முதல் அச்சு, 1 நீக்கப்பட்டு 2 இல் தொடங்கினால் இரண்டாம் அச்சு. இரண்டும் இல்லாத நூல்களில் பதிப்பகத்தின் பெயர், முகவரி, அட்டையில் அச்சிட்ட விலை ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'பி ஹியர் நவ்' நூலைப் பொறுத்தவரை பதிப்பாளர் யார் என்பது மிக முக்கியம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடக்கே மலைப்பகுதியில் கூடி வாழ்ந்த ஓர் ஆன்மீகச் சமூகமான லாமா ஃபவுண்டேஷன்தான் அதை உருவாக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் இதே உள்ளடக்கத்தின் ஒரு பகுதியை, தனித்தனிக் கைப்பிரதிகளும் இசைத்தட்டும் படங்களும் அடங்கிய ஓர் அட்டைப் பெட்டியாக அவர்கள் அனுப்பி வந்தார்கள். பின்னரே அது நூலாயிற்று. கிரவுன் என்ற நியூயார்க் நிறுவனம் அந்நூலைக் கடைகளுக்குக் கொண்டு சேர்த்தது. இந்த வரலாறு தெரிந்தவருக்கு அந்த நூலின் முதல் அச்சு ஏன் விரும்பப்படுகிறது என்று விளங்கும். ஒரு கூட்டத்தார் தம் கையால் கோத்த பொருளுக்கு மிக அருகில் இருக்கும் பிரதி அதுவே.

பின்னட்டையைப் பார்க்க மறக்காதீர்கள். பட்டைக் குறியீடு அச்சிடப்பட்டிருந்தால் அது எழுபதுகளின் தொடக்கத்துப் பிரதி ஆகாது. புத்தகங்களின் அட்டையில் அந்தக் கறுப்புக் கோடுகள் பரவியது எண்பதுகளில்தான். பதின்மூன்று இலக்கச் சர்வதேசத் தர நூலெண் (ஐஎஸ்பிஎன்) இருந்தால் ஐயமே வேண்டாம். அந்த முறை 2007இல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒரு செய்தி தெரியாததால் நான் ஒரு முறை ஏமாந்தேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் அட்டையின் முன்பக்கப் படத்தையும் 1971 என்ற ஆண்டையும் மட்டும் காட்டி முதற்பதிப்பு என்று விற்றார். அஞ்சல் செலவோடு 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். உறையைப் பிரித்துத் திருப்பியபோது பின்னட்டையில் பட்டைக் குறியீடு இருந்தது. நான் பின்னட்டையின் படத்தைக் கேட்டிருந்தால் அவர் அனுப்பியிருப்பார், அல்லது அனுப்ப மறுத்திருப்பார். எதுவானாலும் என் பணம் தப்பியிருக்கும்.

பக்கங்களை எண்ணுதல்

அச்சு எது என்று உறுதியான பிறகு நூல் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு அவசரம் கூடாது. விற்பவரின் வீட்டிலோ கடையிலோ ஓர் இருக்கை கேட்டு வாங்கி, கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். 'பி ஹியர் நவ்' நான்கு பகுதிகளைக் கொண்டது. முதலில் ஆசிரியரின் வாழ்க்கைப் பயணம். அடுத்து, பழுப்புத் தாளில் ரப்பர் முத்திரை எழுத்துகளும் ஓவியங்களும் நிறைந்த நடுப்பகுதி. பிறகு ஆன்மீக சாதனைகளை, அதாவது பயிற்சிகளை, விளக்கும் கையேடு. கடைசியில் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல். நடுப்பகுதியைப் படிக்கப் புத்தகத்தையே பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டும். எத்தனையோ கைகள் அப்படித் திருப்பித் திருப்பிப் படித்ததனால் முதுகு அந்த இடத்தில்தான் முதலில் விரியும். போதாததற்கு அந்த ஓவியங்களைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஆகவே பழுப்புத் தாள்களை இரண்டு முறை சரிபாருங்கள்.

பசையால் ஒட்டிய மெல்லட்டை நூல் இது. ஐம்பது ஆண்டுப் பசை காய்ந்து நொறுங்கத் தொடங்கியிருக்கும். நூலை முழுவதும் விரித்துத் தட்டையாக அழுத்தாமல், பாதி மட்டும் திறந்து, முதுகின் உட்புறத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மூக்கருகே கொண்டு போங்கள். பழைய தாளின் வாசனை வேறு, பூஞ்சையின் புழுங்கல் வாடை வேறு. நம் நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியாமல் இருக்காது. தாளில் சிதறியிருக்கும் பழுப்புப் புள்ளிகள் வயதின் அடையாளம், அவை விலையைக் குறைக்குமே தவிர மற்றப் புத்தகங்களுக்குப் பரவாது. தூள் போல் படர்ந்து, தொட்டால் கையில் ஒட்டும் பூஞ்சையோ மற்ற நூல்களுக்கும் பரவும். அப்படிப்பட்ட பிரதியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

இணையத்தில் வாங்குபவர்கள் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பழைய நூல் வணிகத்தில் 'ஃபைன்' என்றால் புதிதுபோல் இருப்பது, 'வெரி குட்' என்றால் சிறு தேய்மானங்களோடு இருப்பது. வெறும் 'குட்' என்றால் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றன, ஆனால் நன்றாக அடிபட்டிருக்கிறது என்று பொருள். 'நல்ல நிலை' என்று நம் மொழியில் புரிந்துகொண்டு பணம் கட்டியவர்கள் பிறகு வருந்துகிறார்கள். 'எக்ஸ் லைப்ரரி' என்றால் நூலக முத்திரையும் ஒட்டுத்தாளும் இருக்கும். படிப்பதற்கு அது குறையில்லை, சேகரிப்புக்குக் குறை.

ஆசிரியரின் கையொப்பம் இருப்பதாகச் சொல்லப்படும் பிரதிக்கு விலை பல மடங்கு ஏறும். ராம் தாஸ் 1997இல் கடுமையான பக்கவாதத்துக்கு உள்ளாகி வலப்பக்கம் செயலிழந்து, 2019இல் மறையும் வரை அந்த நிலையிலேயே வாழ்ந்தார். 1997க்குப் பிந்திய தேதியோடு தங்குதடையில்லாத ஓட்டமான கையெழுத்தைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

விலையும் நேர்மையும்

விலையை முடிவு செய்யும்போது, விற்பனையாளர்கள் இணையத்தில் கேட்கும் விலையை அளவாகக் கொள்ளாதீர்கள். கேட்கும் விலை என்பது ஒருவருடைய ஆசை. ஏலத்தளங்களில் விற்று முடிந்தவற்றைத் தனியாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதே அச்சு, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள மூன்று நான்கு பிரதிகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, அதன்மேல் அஞ்சல் செலவையும் நாணய மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு முன், உள்துறை அமைச்சு தடை செய்த வெளியீடுகளின் பட்டியலில் அந்த நூல் இல்லை என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சமயம் தொடர்பான நூல்களை வாங்குபவர்களுக்கு இது வீண் வேலை அல்ல.

நம்மூர் வீடுகளில் வாங்கும்போது வேறொரு கடமை இருக்கிறது. கணவரை இழந்த ஓர் அம்மா, 'இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, லாரிக்காரனுக்குப் போடத்தான் வெச்சிருக்கேன்' என்று சொல்லும்போது, உங்கள் கையில் இருப்பது அரிய பிரதி என்று தெரிந்தும் பத்து வெள்ளியைக் கொடுத்துவிட்டு வருவது திருட்டுக்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. 'இது கொஞ்சம் விலை போகும்மா, விசாரிச்சுச் சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, விசாரித்து, நியாயமான பங்கைக் கொடுங்கள். அப்படிச் செய்தவருக்கு அடுத்த வீட்டு அலமாரியும் திறக்கும். அதோடு அந்தப் புத்தகம் யாருடையது, அவர் அதை எப்படிப் பெற்றார் என்று அந்த அம்மா சொல்லும் செய்தியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு வைத்திருந்தவர் எழுதிய பெயர், தோட்டத்து முகவரி, ஓரக்குறிப்பு எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் தாள் தேயும். எழுபதுகளில் ஒரு தோட்டத்துக் கிராணி இந்த நூலைப் படித்து எந்த வரியில் நின்று யோசித்தார் என்ற சான்றும் போய்விடும்.

வீட்டில் வைக்கும் முறை

புத்தகத்தின் உண்மையான பகை நம் காற்றுதான். சுங்கை சிப்புட்டில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் எண்பது விழுக்காட்டைத் தொடுகிறது. அறுபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். குளிர்சாதன அறை இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. இறுக மூடும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று. அந்த முள் ஐம்பதுக்கு அருகில் நின்றால் போதும். அறுபதைத் தாண்டினால் பொட்டலங்களை மாற்றுங்கள். நூலைப் படுக்க வையுங்கள், மேலே கனமான எதையும் வைக்காதீர்கள். பள்ளிப் புத்தகங்களுக்குப் போடும் ஒட்டும் பிளாஸ்டிக் உறையை ஒருபோதும் போடாதீர்கள். அதன் பசை அட்டையோடு சேர்ந்துவிடும், பின்னர் உரித்தால் வண்ணமும் உரியும். ஒட்டாத மைலார் (தெளிந்த பாலியஸ்டர்) உறை கிடைத்தால் அதைப் போடலாம். கிழிந்த தாளைச் செலோடேப்பால் ஒட்டுவதைவிடக் கிழிந்தபடியே விட்டுவைப்பது மேல்.

இராமபாணப் பூச்சி அரித்த அடையாளம் இருந்தால், நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பின் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். வெயிலில் காயவைப்பது நம் வீடுகளில் பழக்கம்தான். ஆனால் அரை நாள் வெயில் அட்டையின் நிறத்தை வாங்கிவிடும். வேப்பிலையைப் பக்கங்களுக்கு இடையில் வைத்தால் கறை இறங்கும், உலர்ந்த இலையைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம்.

பூசை அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்மீக நூல் என்பதால் பக்தியோடு சாமிப் படங்களுக்கு அருகில் வைக்கும் வீடுகள் பல. விளக்கின் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் சில ஆண்டுகளில் தாளை மஞ்சளாக்கிப் பிசுபிசுக்கச் செய்துவிடும். சரஸ்வதி பூசையன்று அட்டையின்மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கத்தால் நல்ல பிரதிகள் கெட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன். வழக்கத்தை விட வேண்டியதில்லை. நூலை வெள்ளைத் துணியில் சுற்றி, அதன்மேல் ஒரு வெற்றிலையை வைத்து, அந்த இலையில் பொட்டு வையுங்கள். பூசை முடிந்ததும் துணியோடு எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு சிறு தாளில் பென்சிலால் நூலின் பெயர், எத்தனையாவது அச்சு, யாரிடமிருந்து எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கியது, எந்தக் குறைகள் இருந்தன என்று எழுதி, நூலுக்குள் செருகாமல் பெட்டிக்குள் வையுங்கள். மாதம் ஒரு முறை, மழை இல்லாத ஒரு காலையில் பெட்டியைத் திறந்து, முள்ளைப் பார்த்து, நூலைக் கையில் எடுத்துப் பத்துப் பக்கமாவது புரட்டிவிட்டு மூடுங்கள்.